பஞ்சு மாதிரி

மாவு எழும்பவே இல்லை. நேற்று சாயங்காலம் எந்த மட்டத்தில் மூடி வைத்தேனோ அதற்கும் ஒரு விரல் கீழே இறங்கிக் கிடக்கிறது, மேலே மஞ்சளாக நீர் பிரிந்து, நடுவில் இரண்டு குமிழி மட்டும் உடைய மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. பிரிட்ஜ் மேல்தான் வைத்தேன். அங்கேதான் எப்போதும் லேசான சூடு இருக்கும், தோசை மாவை அங்கே வைத்தால் மார்கழியில்கூடப் பொங்கி மூடியைத் தள்ளிவிடும். மாவு என்றால் கரைத்து ராத்திரி முழுக்க வைக்க வேண்டும், இதைப் போய் யாராவது யோசிப்பார்களா, கை பாட்டுக்குச் செய்தது. இப்போது போனில் அந்தப் பான்கேக் சொல்லித்தருகிற பெண்ணின் வீடியோவை மறுபடி ஓடவிட்டால், நேற்று நான் நிறுத்திவிட்ட இடத்துக்குப் பிறகு, சிரித்த முகமாக, "கலக்குன உடனே ஊத்திடணும் பிரண்ட்ஸ், வெச்சிருந்தா பேக்கிங் பவுடரோட சக்தி போயிடும், தட்டையாத்தான் வரும்" என்கிறாள். எல்லாம் சொல்லித்தான் இருக்கிறாள், நான்தான் பாதியில் எழுந்து போய்விட்டேன். நான் எதிலும் பாதியில் எழுந்து போகிறவன், இதுவும் பிருந்தா சொல்லுவதுதான். வீட்டை விட்டுப் போய் இவ்வளவு நாளாகியும் அவள் குரல் இல்லாமல் என்னால் ஒரு கரண்டியைத் தூக்க முடியவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஹாசினியைக் கீழே கேட்டில் இறக்கிவிட்டு, மேலே நிமிர்ந்து பார்க்காமல் காரைத் திருப்பிக்கொண்டு போவாள். ஞாயிற்றுக்கிழமைப் பகல் என் பங்கு, கோர்ட் அப்படித்தான் பிரித்துக் கொடுத்திருக்கிறது. நாளைக்கு ஜட்ஜ் ஹாசினியைத் தன் அறைக்குள் தனியாகக் கூப்பிட்டு, உனக்கு யாரோடு இருக்கப் பிரியம் என்று கேட்பார். அம்மாவோடு என்றால் ஆஸ்திரேலியா. அப்பாவோடு என்றால் இங்கே, சிங்காநல்லூரில், அவள் தவழ்ந்து நடந்த இந்த மாடி வீட்டில். ஒன்பது வயதுப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது. பாத்திரத்தைச் சிங்க்கில் கவிழ்த்தேன். ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

போன ஞாயிறு ஹாசினி சொல்லாமல் இருந்திருந்தால் இந்த வம்பே இல்லை. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன், அவள் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நின்று என் போனில் எதையோ பார்த்துக்கொண்டே, "ஜெய் அங்கிள் சாட்டர்டேல பான்கேக் பண்ணுவாரு, பஞ்சு மாதிரி இருக்கும்" என்றாள். குத்திக்காட்டச் சொன்னதில்லை, அவளுக்கு அந்த வயதில்லை. ஆனாலும் கரண்டி ஒரு நொடி நின்றுவிட்டது, தோசையில் ஓட்டை விழுந்தது. பஞ்சு மாதிரி. எனக்குப் பஞ்சு என்றால் என் அப்பா. மில்லிலிருந்து வந்ததும் வாசலிலேயே நின்று துண்டால் தலையைத் தட்டுவார், புருவத்திலும் காதிலும் பஞ்சு ஒட்டியிருக்கும், ராத்திரி இருமினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும், கடைசியில் அந்த இருமலோடேயே போனார். அதைப் போய் இவன், பிருந்தாவைக் கட்டிக்கொண்டு ஆஸ்திரேலியா போகப்போகிற ஜெயந்த், சட்டியில் மாவு ஊற்றிச் சம்பாதித்துவிட்டான். பஞ்சு மாதிரி. ஒரு வாரமாக பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் ஷெட்டில் நிற்கும்போதெல்லாம் இதே ஓடுகிறது. மோட்டார் சுற்றுகிறது, தண்ணீர் ஏறுகிறது, மீட்டரில் முள் நகர்கிறது, நான் பஞ்சு மாதிரி, பஞ்சு மாதிரி என்று உள்ளுக்குள் உருட்டிக்கொண்டு நிற்கிறேன். புதன்கிழமை ஒரு பம்பை இரண்டு தரம் டெஸ்ட் பண்ணிவிட்டேன். வக்கீல் சரோஜினி அம்மாவைப் பார்க்கப் போனபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னது இன்னொரு பக்கம் ஓடுகிறது. "கேஸைப் பத்தி கொழந்தைகிட்ட ஒரு வார்த்தை பேசிடாதீங்க திருமூர்த்தி. யாரு வேணும், எங்க இருப்பேன்னு கேக்கவே கூடாது. சந்தோஷமா வெச்சிருந்து அனுப்புங்க, அது போதும். கொழந்தைக மனசுல முந்தின நாள் நடந்ததுதானுங்க நிக்கும்." முந்தின நாள் இன்றைக்குத்தான். பஞ்சு மாதிரி ஒன்று வந்தாக வேண்டும்.

வீட்டில் இருந்த தயிரையெல்லாம் நேற்றே கரைத்துத் தீர்த்தாயிற்று. செருப்பை மாட்டிக்கொண்டு கீழே ஓடினேன். வீடியோக்காரி பட்டர்மில்க் பட்டர்மில்க் என்று நூறு தரம் சொல்லிவிட்டு, "வேற ஒண்ணுமில்ல, நம்ம மோருதான்" என்று சிரித்தாள். பெரிய கண்டுபிடிப்பு. பால் பூத்தில் கூட்டம், என் முன்னால் நின்றவர் அரை லிட்டர் பாலுக்கு நாட்டு நடப்பெல்லாம் பேசிக்கொண்டு நின்றார். ரோட்டில் ஒவ்வொரு வெள்ளைக் காரும் பிருந்தாவின் கார் மாதிரியே வந்தது. "மோரு குடுங்க" என்றேன், "எத்தனைங்ணா" என்றான், "ரெண்டு" என்றேன், பெட்டிக்குள் கையை விட்டு ஈரத்தோடு எடுத்துப் போட்டான், நான் கேட்டைப் பார்த்தபடியே வாங்கிக்கொண்டு ஏறி வந்தேன். இந்த ஜெயந்த் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம். குடிகாரனாக, கை நீட்டுகிறவனாக, குறைந்தபட்சம் சத்தமாகப் பேசுகிறவனாக. ஒரு தரம் கோர்ட் வராந்தாவில் எதிரெதிரே உட்கார நேர்ந்தபோது எழுந்து வந்து, "தண்ணி சாப்பிடறீங்களா" என்று பாட்டிலை நீட்டினான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் கோபிக்கவில்லை, பாட்டிலைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான், அந்தப் பாட்டில் மத்தியானம் வரைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, எனக்கு அப்படித் தாகம், ஆனாலும் தொடவில்லை. அவனைத் திட்ட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை, அதில்தான் வயிறு எரிகிறது. ஹாசினி அவனை இன்னும் அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறாள். இங்கே இருக்கிற வரைக்கும் அங்கிள். அந்த ஊரில் இறங்கி, பள்ளிக்கூடத்தில் சேர்த்து, டீச்சர் ஒருத்தி, உன் அப்பா வந்திருக்கிறார் என்று அவனைக் கைகாட்டினால், இல்லை, அவர் அங்கிள் என்று எத்தனை நாளைக்குத் திருத்திக்கொண்டிருப்பாள் குழந்தை. ஒரு நாள் அலுத்துப்போய் சும்மா இருந்துவிடுவாள்.

மைதாவைச் சலித்தேன். சர்க்கரை, பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு. பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கிழித்து மோரைச் சொம்பில் பீச்சினேன், முட்டையை உடைத்து ஊற்றினேன், உருக்கின வெண்ணெய், வெனிலா எசென்ஸ். வீடியோக்காரி ஒரு மூடி என்றாள், நான் இரண்டு ஊற்றினேன், ஜெயந்த் எப்படியும் ஒன்றுதான் ஊற்றியிருப்பான். எல்லாவற்றையும் மாவுக் குழிக்குள் ஊற்றிக் கலக்க ஆரம்பித்தால் வீடியோவில் அவள் கத்துகிறாள், "போதும், போதும், நிறுத்துங்க, கட்டி கட்டியா இருக்கட்டும், ரொம்பக் கலக்குனா ரப்பர் மாதிரி ஆயிடும்." கட்டி இருக்கட்டுமாம். பிறந்ததிலிருந்து இந்த வீட்டிலும் எந்த வீட்டிலும் மாவில் கட்டி இருக்கட்டும் என்று ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை. பஜ்ஜி மாவாகட்டும், ராகிக் கூழாகட்டும், கட்டி தட்டினால் கரைத்தவன் மானம் போச்சு. பாருங்கள், கரண்டி அதுபாட்டுக்கு ஒரு கட்டியைத் தேடிப் போய் ஓரத்தில் வைத்து நசுக்குகிறது. நிறுத்து என்கிறேன், இன்னொன்றைத் தேடுகிறது. பிருந்தா கடைசியாகச் சண்டை போட்டபோது கத்தவில்லை, ரொம்பக் களைத்த குரலில், "உங்களுக்கு எதையும் இருக்கற மாதிரி வுடத் தெரியாதுங்க, நோண்டிக்கிட்டே இருப்பீங்க" என்றாள். நோண்டினேனாம். ஆபீஸ் முடிந்து ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டால் நோண்டுவது, போனில் யாரோடு பேசினாய் என்றால் நோண்டுவது. கேட்டதில் என்ன தப்பு, கடைசியில் ஜெயந்த் என்று ஒருத்தன் வந்து நின்றானா இல்லையா. அப்போதெல்லாம் அவனை அவளுக்குத் தெரியவே தெரியாது, பேச்சு முறிந்து பிரிந்த பிறகுதான் வந்தான், கோர்ட்டிலும் அப்படித்தான் நிரூபணம் ஆயிற்று, இருந்தாலும் மனது அவனை முன்னாலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பார் நான் அப்போதே சொன்னேன் என்கிறது. மாவில் இன்னும் ஏழெட்டுக் கட்டி மிதக்கிறது. கரண்டியைச் சிங்க்கில் போட்டுவிட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன், பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல. எங்கிருந்தோ பெருங்காய வாசம். கீழ் வீட்டில் காலையிலேயே சாம்பார் தாளிக்கிறார்கள் போலிருக்கிறது, நல்ல குடும்பம், ஞாயிற்றுக்கிழமையும் எல்லாரும் வீட்டில்.

நான்ஸ்டிக் தவா இரண்டையும் பிருந்தா எடுத்துக்கொண்டு போய்விட்டாள், எனக்கு மிஞ்சியது இரும்புத் தோசைக்கல். தோசைக்கல்லுக்கு என்ன குறை. இதில்தான் ஹாசினிக்கு எத்தனை வருஷம் ஊற்றியிருக்கிறேன். பிருந்தாவுக்கு ஆபீஸ் பஸ் சீக்கிரம், காலை என் பொறுப்பு, தலை பின்னுவதிலிருந்து ஷூ லேஸ் வரைக்கும். ஹாசினி மேடம் அப்போது என்ன அதிகாரம் பண்ணுவாள். தோசையில் ஒரு கரும்புள்ளி இருந்தால் தட்டைத் தள்ளிவிடுவாள், "போப்பா, நீ கருக்கிட்ட, எனக்கு வேண்டாம்." சட்னியில் பச்சை மிளகாய் லேசாகத் தெரிந்தால் நாக்கை நீட்டிக்கொண்டு வீடு பூராவும் ஓடுவாள், பிரிட்ஜை இழுத்துத் திறந்து பாட்டிலோடு வாயில் கவிழ்த்து நெஞ்செல்லாம் நனைத்துக்கொள்வாள். ஒரு நாள் தட்டையே வீசினாள், தோசை போய் காலண்டரில் ஒட்டிக்கொண்டது. நானும் சும்மா இருக்கவில்லை, முதுகில் ஒன்று வைத்தேன், அவள் என் கையைக் கடித்தாள், அப்புறம் இரண்டு பேரும் அந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துச் சிரித்தோம். கடித்த இடம் ரெண்டு நாள் சிவந்திருந்தது, ஷெட்டில் என்ன என்று கேட்டார்கள், மகள் என்று சொன்னேன், அப்போது என்ன பெருமையோ. கல்லில் வெண்ணெய் தடவி, தீயைக் குறைத்து, ஒரு கரண்டி ஊற்றினேன். ஊற்றின கை எடுக்கவில்லை. நடுவிலிருந்து வெளியே, வெளியே, வெளியே என்று வட்டமாக இழுத்து மெல்லிசாகத் தேய்த்துவிட்டது. தேய்த்து முடித்த பிறகுதான் எனக்கே தெரிகிறது. கல்லில் பான்கேக் இல்லை, மைதா தோசை. சுரண்டி எடுத்தேன். இரண்டாவதை ஊற்றும்போது, தேய்க்காதே, தேய்க்காதே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஊற்றினேன், தேய்க்கவில்லை, ஆனால் திருப்பிப் போட்டதும் தோசைத் திருப்பியால் ஒரு அழுத்து, புஸ் என்று காற்று போய் தட்டையாகிவிட்டது. யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். நாற்பத்திரண்டு வயசு ஆம்பிளை ஒரு மாவைச் சும்மா விட முடியாமல் அடுப்போடு மல்லுக்கட்டுகிறான்.

கெட்டுப்போன இரண்டையும் கிள்ளிப் பால்கனிச் சுவரில் வைத்தேன். தினமும் வருகிற காக்கை வந்தது, ஒரு கொத்து கொத்தியது, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்துவிட்டு எதிர்க் கம்பத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கும் ஜெயந்த் பண்ணினதுதான் வேண்டும் போல. மூன்றாவதை ஊற்றிவிட்டு அடுப்பை விட்டு இரண்டடி தள்ளி நின்றேன். கையைக் கட்டிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஓரத்தில் ஒரு குமிழி வந்து உடைந்து ஓட்டையாக நின்றது, பிறகு இன்னொன்று, பிறகு மேலெல்லாம். மெதுவாகத் திருப்பியை அடியில் விட்டுத் திருப்பினேன், அழுத்தவில்லை, சத்தியமாக அழுத்தவில்லை. உப்பியது. கண் முன்னாலேயே உப்பிக்கொண்டு வந்தது, ஓரம் வெள்ளையாக, மேலே தேன் நிறத்தில், வீடியோவில் இருந்ததற்கும் ஒரு மாற்றுக் கூட. போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்தேன், இதற்கெல்லாமா என்று என்னையே திட்டிக்கொண்டு நாலாவதை ஊற்றினேன், அதுவும் உப்பியது, அஞ்சாவது, ஆறாவது. தட்டில் அடுக்கினால் கோபுரமாக நிற்கிறது. பார்க்கட்டும். நாளைக்கு ஜட்ஜ் கேட்கும்போது, அப்பா பான்கேக் பண்ணினார், அங்கிள் பண்ணுவதைவிட உசரமாக என்று சொல்லட்டும். சொல்லுவாளா. குழந்தையைத் தின்பண்டத்தால் வளைக்கப் பார்க்கிறேன் என்று பிருந்தாவின் வக்கீல் எழுந்து நின்றால் என்ன சொல்லுவது. வளைக்கத்தான் பார்க்கிறேன். வேறு எதைக் கொண்டு வளைக்க, பேசத்தான் கூடாது என்றுவிட்டார்களே. பிளேன் ஏறுகிற குழந்தையை ஏர்போர்ட்டில் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று பார்ப்பது மாதிரி ஒரு படம் ஒரு வாரமாக வருகிறது. அதில் அவள் திரும்பிப் பார்த்துக் கையாட்டுகிறாள், அழவில்லை, நன்றாகச் சிரித்துக் கையாட்டுகிறாள், அந்த இடத்தில் நான் விழித்துக்கொள்கிறேன். கீழே கார்க் கதவு சாத்துகிற சத்தம். தேன் பாட்டில் எங்கே. தட்டில் மூன்றை எடுத்து வைத்து, மேலே வெண்ணெய்த் துண்டு ஒன்று, தேனை அப்படியே வழியவிட்டேன்.

காலிங் பெல் அடித்தது. முன்னெல்லாம் பெல் கிடையாது, கதவை உதைப்பாள். திறந்தால் தலையை வாரி இரண்டு பக்கமும் கிளிப் குத்தி, இஸ்திரி போட்ட கவுனில் நிற்கிறாள், ஏதோ விசேஷ வீட்டுக்கு வந்த மாதிரி. "வா சாமி, வா" என்றேன். "நல்லாருக்கீங்களாப்பா" என்றாள். இந்த 'ங்க' எப்போது வந்தது, போன வாரம் இருந்ததா, கவனிக்கவில்லை. செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக ஜோடியாக வைத்தாள். டேபிளுக்குக் கூட்டிப்போய் தட்டை எடுத்து முன்னால் வைத்தேன். "என்னன்னு சொல்லு பாக்கலாம்." கண் விரிந்தது, அது நிஜமாக விரிந்தது, அதில் நடிப்பில்லை. "பான்கேக்கு. நீங்களே பண்ணுனீங்களா?" "பின்ன, கடையில வாங்குனேனா? சாப்பிடு கண்ணு." ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டாள். மெல்லுவது ஒரு நொடி நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு மென்று, விழுங்கி, "சூப்பரா இருக்குங்கப்பா" என்றாள். "பஞ்சு மாதிரி இருக்கா?" என்று கேட்டேன், கேட்காமல் இருந்திருக்கலாம், வாய் நிற்கவில்லை. "பஞ்சு மாதிரி இருக்குங்கப்பா." எனக்கு அப்படியே ஒரு ஆள் உயரம் கூடினது மாதிரி இருந்தது. ஒரு வாரத்து எரிச்சல், காக்கை, கட்டி எல்லாம் போயிற்று. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தேனில் நன்றாகப் புரட்டி, சீராக, நிற்காமல் சாப்பிட்டாள். ஒன்று முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. நெற்றியில் லேசாக வேர்த்திருந்தது, எழுந்து போய் ஃபேனைக் கூட்டினேன். மூன்றாவதில் கை வைத்தபோது, எனக்கும் பசி என்பது அப்போதுதான் ஞாபகம் வந்து, அடுப்படிக்குப் போய் மிச்சத்தில் ஒன்றை எடுத்து நின்றவாக்கில் கடித்தேன்.

உப்பு. நாக்கின் ஓரத்தில் முதலில் உப்பு, அப்புறம் பெருங்காயம், அப்புறம் இஞ்சியும் பச்சை மிளகாயுமாகத் தொண்டையில் இறங்கி எரிந்தது, அதற்கு மேல் வெனிலா வேறு, குமட்டிக்கொண்டு வந்தது. மேடையில் கிடந்த பாக்கெட்டை எடுத்துத் திருப்பினேன். மசாலா மோர். பச்சை எழுத்தில், கொட்டை எழுத்தில், கறிவேப்பிலைப் படம் போட்டு. வெயிலுக்கு ரோட்டோரம் வெட்டிக் குடிக்கிற அதே மோர், நானே ஆயிரம் தரம் குடித்திருக்கிறேன். வாயில் இருந்ததைத் துப்பினேன். துப்பின கையோடு திரும்பிப் பார்த்தால் ஹாலில் அவள் மூன்றாவதின் பாதியில் இருந்தாள். மிளகாய் கண்ணில் பட்டாலே வீடு பூராவும் ஓடுகிறவள், கரும்புள்ளிக்குத் தட்டை வீசினவள். ஓடிப் போய்த் தட்டைப் பிடித்துக்கொண்டேன். "துப்பிரு கண்ணு, சாப்பிடாத. உப்புக் கரிக்குது, உறைப்பு வேற. ஏஞ்சாமி சொல்லல?" அவள் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னாள். "பரவால்லீங்கப்பா." "என்ன பரவால்ல? நல்லால்லைன்னா நல்லால்லைன்னு சொல்ல வேண்டியதுதான?" கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, தோளைக் குறுக்கிக்கொண்டாள். பிறகு, தப்புப் பண்ணிவிட்டோமோ என்கிற முகத்தோடு மெதுவாகச் சொன்னாள். "அம்மா சொன்னாங்க. அப்பா என்ன செஞ்சு குடுத்தாலும் நல்லாருக்குன்னு சொல்லோணும்னு. இல்லீன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமாமா. பாவம், தனியா இருக்கறாருன்னாங்க."

யாரையும் திட்ட வரவில்லை. பிருந்தாவைத் திட்டலாம் என்று பார்த்தால் அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, நானே ஹாசினியை வேறு வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் இதைத்தான் சொல்லி அனுப்புவேன். வேறு வீட்டுக்கு. நாளைக்கு ஜட்ஜ் கேட்பார், அப்பா எப்படிம்மா என்று கேட்பார், இவள் இதே முகத்தோடு, இதே குரலில், நல்லவருங்க என்பாள், என்னை நல்லாப் பார்த்துக்குவாருங்க என்பாள். ஜெயந்தின் வீட்டில் மட்டும் வேண்டாம், நல்லாவே இல்லை என்று தட்டைத் தள்ளிவிடுவாளாக இருக்கும். அவனுக்குக் கிடைக்கிறது அது. நாளைக்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் பாக்கி இல்லை, இவள் எனக்கு இன்றைக்கே பதில் சொல்லிவிட்டாள், அதுவும் என் மனம் நோகாமல் பார்த்துப் பார்த்துச் சொல்லிவிட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு, "தோச ஊத்தட்டுமா சாமி, மாவு வாங்கியாறேன்" என்றேன். "வேண்டாங்கப்பா, வயிறு ரொம்பிருச்சு" என்றாள். உதடு இரண்டும் சிவந்திருந்தது. கண் ஓரத்தில் தண்ணீர் கட்டியிருந்தது, அதைப் புறங்கையால் நாசூக்காகத் துடைத்துக்கொண்டு பிரிட்ஜ் பக்கம் பார்த்தாள். நாற்காலியிலிருந்து இறங்கவில்லை.

"அப்பா," என்றாள், "கொஞ்சம் தண்ணி எடுத்துக்கலாங்களா?"